ஆசிட்டுக்கு ஒரு பாத்திரம்: சேர்வராயன் மலையும் சோலார் பேட்டரிப் பெட்டியும்

சோலார்னு சொன்னதும் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறோம். பேனல் எத்தனை வாட், தெற்கு பார்த்து இருக்கிறதா, மர நிழல் விழுகிறதா என்று கேட்போம். கீழே, படிக்கட்டுக்கு அடியிலோ வராந்தா மூலையிலோ ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள் பேட்டரி. அந்தப் பெட்டிக்குள் குனிந்து பார்க்கிற ஆள் ரொம்பக் குறைவு.

அங்கே ஆசிட் கசிந்தால் எங்கே போகும்? எதில் பிடிப்பது? எதைப் போட்டுத் தணிப்பது? கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படித்ததில் ஒன்று புரிந்தது. இந்தக் கேள்வி சோலார் காலத்தில் பிறந்தது அல்ல, ஏறக்குறைய 280 வருடப் பழசு. கந்தக அமிலத்தை மனிதர்கள் மொத்தமாகத் தயாரிக்க ஆரம்பித்த நாளிலிருந்தே, அதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்பது பாதி வேலையாக இருந்திருக்கிறது. அந்தக் கதையை ஏற்காட்டை வைத்துச் சொல்லப் போகிறேன். கேள்விக்கான பதிலில் ஒரு பாதி அந்த மலையிலேயே கிடக்கிறது.

மலை மேல் கொட்டினால்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். ஏற்காடு என்றால் ஏரியும் பூங்காவும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள் அறுபதுக்கும் மேல் சிதறிக் கிடக்கின்றன. காற்றிலும் மழையிலும் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், மலையில் லைன் சரிசெய்வது சமவெளி மாதிரி சுலபம் இல்லை. அதனால் இன்வெர்ட்டருக்கும் சோலாருக்கும் இங்கே தேவை அதிகம். தேவை இருக்கும் இடத்தில் பேட்டரி இருக்கும், பேட்டரி இருக்கும் இடத்தில் ஆசிட் இருக்கும்.

மலை மேல் எது கொட்டினாலும் கீழேதான் வரும். சேலம் நகரத்துக்குள் ஓடுகிற திருமணிமுத்தாறு இந்த மலையில் பிறப்பதுதான். சரபங்கா நதியும் அப்படியே. மறுபக்கத்தில் வாணியாறு தருமபுரி மாவட்டத்துக்கு இறங்குகிறது. ஒரு வீட்டு பேட்டரி உடைந்து ஆறு கெட்டுப் போகாது. அது மிகை. ஆனால் அந்த வீட்டுக்குப் பத்தடி கீழே இருக்கிற ஊற்றும் கிணறும் வேறு கதை.

இன்னொன்று, இங்கே இருக்கும் பாறை. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடினப் பாறையால் ஆனது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறையாக இருந்ததால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். சுண்ணாம்புப் பாறை மேல் ஆசிட் விழுந்தால் பொங்கித் தணிந்துவிடும். சார்னோகைட் அப்படித் தணிக்காது. அதன் மேல் இருக்கிற செம்மண்ணும் ஏற்கெனவே அமிலச் சார்புள்ள மண்தான். ஆக, கொட்டியதை மலை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாது.

கண்ணாடியும் ஈயமும்

நம்ம ஊரில் இதற்குப் பழைய பெயர் திராவகம். சித்த மருத்துவத்தில் திராவகம் வடிக்கும் முறைகள் உண்டு. அதெல்லாம் சின்ன அளவில் வடிப்பது. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கந்தகத்தையும் வெடியுப்பையும் எரித்து, பெரிய கண்ணாடிக் குடுவைகளில் கந்தக அமிலம் தயாரித்தார்கள். கண்ணாடியை ஆசிட் அரிக்காது. ஆனால் குடுவை உடையும், ஓர் அளவுக்கு மேல் பெரிதாக ஊதவும் முடியாது. விலை குறையாததற்கு அதுவே காரணம்.

1746-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஜான் ரோபக் என்பவர் கண்ணாடியை விட்டுவிட்டு ஈயத் தகட்டால் ஓர் அறையே கட்டினார். ஈயத்தை ஆசிட் தொட்டதும் மேலே ஈய சல்பேட் என்ற மெல்லிய படலம் உண்டாகிறது. அந்தப் படலம் கரையாமல் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் ஈயத்தைக் காப்பாற்றுகிறது. அதற்குப் பிறகு கந்தக அமிலம் மலிவானது, சாயம், சலவை, உரம் என்று எல்லாவற்றிலும் நுழைந்தது. நம்ம பக்கத்தில் பாரி கம்பெனி 1906-ல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் உர ஆலை தொடங்கியது. அந்த உரத்துக்கு அடிப்படைச் சரக்கே இந்த அமிலம்தான்.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம் அடுத்தது. ஆசிட்டைப் பிடித்து வைக்க உதவிய அதே ஈயமும் அதே சல்பேட் படலமும்தான் பின்னால் பேட்டரி ஆயின. 1859-ல் பிரான்ஸில் காஸ்டன் பிளாண்டே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி நீர்த்த கந்தக அமிலத்தில் நிறுத்தி மின்சாரம் செலுத்தினார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி அது. 1881-ல் கமீல் ஃபோர் தகட்டின் மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசி அதன் கொள்ளளவைக் கூட்டினார். இன்றைக்கு வீட்டில் இருக்கிற டியூபுலர் பேட்டரிக்கும் அடிப்படை ரசாயனம் இதுவே.

பாத்திரம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் கண்ணாடி ஜாடி. பெரிய பேட்டரிகளுக்கு உள்ளே ஈயத் தகடு அடித்த மரத் தொட்டி. பிறகு எபோனைட் என்ற கெட்டி ரப்பர். பழைய கார், லாரி பேட்டரி பார்த்தவர்களுக்குத் தெரியும்: கறுப்புப் பெட்டி, மேலே தார் ஊற்றி அடைத்திருக்கும். கீழே போட்டால் விரிசல் விடும், தார் வெடித்தால் அந்த வழியே ஆசிட் வரும். 1960-களின் பிற்பகுதியில் பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் வந்தது. எடை குறைவு, சட்டென்று உடையாது, மூடியை உருக்கியே ஒட்டிவிடலாம்.

அசையாத ஆசிட்

பாத்திரத்தை மாற்றுவது ஒரு வழி. திரவத்தையே அசையவிடாமல் செய்வது இன்னொரு வழி. இந்த யோசனையும் பழசு. அந்தக் கால இந்தியத் தந்தித் துறையில் மினோட்டோ செல் என்ற ஒன்று புழங்கியது. அது ஈய பேட்டரி இல்லை, செம்பும் துத்தநாகமும். நடுவில் ஈரமான மரத்தூளையோ மணலையோ அடைத்திருப்பார்கள். திரவம் தளும்பாது, அதனால் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஈய பேட்டரியில் இதைச் செய்ய நாள் ஆனது. 1950-களின் கடைசியில் ஜெர்மனியில் ஓட்டோ யாக்கே ஆசிட்டோடு சிலிக்கா சேர்த்து அதை ஜெல்லாக்கினார். 1970-களில் அமெரிக்காவின் கேட்ஸ் கம்பெனி, நுண்ணிய கண்ணாடி இழைப் பஞ்சில் ஆசிட்டை உறிஞ்ச வைக்கும் வகையைக் கொண்டுவந்தது. கடையில் 'ஜெல் பேட்டரி', 'எஸ்எம்எஃப் பேட்டரி' என்று கேட்கிறோமே, அவை இந்த இரண்டு வழிகளில் வந்தவை. இவற்றின் பெட்டியில் விரிசல் விட்டாலும் ஓடி வர திரவம் கிட்டத்தட்ட இருக்காது.

அப்புறம் ஏன் எல்லோரும் இன்னும் ஆசிட் தளும்புகிற டியூபுலர் பேட்டரி வாங்குகிறோம்? விலை ஒரு காரணம். வெயிலையும் தாறுமாறான சார்ஜையும் அது நன்றாகத் தாங்கும் என்பது இன்னொன்று. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி நாமே பார்த்துக்கொள்ளலாம், மெக்கானிக்கும் எந்த ஊரிலும் கிடைப்பார். தமிழ்நாட்டில் 2008-ல் ஆரம்பித்து 2012-ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டு ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத காலம். லாரி ஷெட்டிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலும் இருந்த ஆசிட், வீட்டு வரவேற்பறைக்குக் குடிவந்தது அப்போதுதான்.

அதே சமயத்தில் சோலாரும் வந்தது. 2010-ல் தேசிய சூரிய மின் திட்டம். 2011-ல் தமிழக அரசின் சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டம்: ஆண்டுக்கு 60,000 வீடு, ஐந்து ஆண்டில் 3 லட்சம் வீடு, ஒவ்வொன்றிலும் சோலாரில் எரியும் ஐந்து விளக்குகள். ராத்திரி விளக்கு எரிய வேண்டுமென்றால் பகல் வெளிச்சத்தை எங்கேயாவது சேமிக்க வேண்டும் இல்லையா?

பேட்டரி பற்றி ஆராய நம்மிடம் ஆள் இல்லாமலும் இல்லை. காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். ஆனால் எந்த ஆய்வகமும் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்க்காது. அது நம் வேலை.

கீழே மூடு, மேலே திற

பேட்டரிப் பெட்டியில் இரண்டு எதிரெதிர் தேவைகள் இருக்கின்றன. கீழ்ப்பக்கம் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. மேல்பக்கம் வாயு தடையில்லாமல் வெளியே போக வேண்டும்.

சார்ஜ் நிரம்பிய பிறகும் கரண்ட் ஏறினால், தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு செல்லில் 1 ஆம்பியர்-மணி கூடுதல் சார்ஜுக்கு சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல். சார்ஜ் கன்ட்ரோலர் பழுதாகி 10 ஆம்பியர் ஏறிக்கொண்டே இருந்தால், மணிக்கு சுமார் 25 லிட்டர். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். காற்றே போகாத 100 லிட்டர் பெட்டியில் அந்த அளவு பத்து நிமிஷத்தில் வந்துவிடும். ஏற்காட்டு மூடுபனிக்கு பயந்து பெட்டியை நாலாபக்கமும் டேப் போட்டு அடைப்பது இதனால்தான் ஆபத்து. மேல் மூடியின் பக்கவாட்டில் ஜன்னல் தட்டி மாதிரி சாய்ந்த துளைகள் இருந்தால் போதும். பனி நேராக இறங்காது, வாயு வெளியேறிவிடும்.

இனி கீழ்ப்பக்கம். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் 15 முதல் 20 லிட்டர் ஆசிட் தண்ணீர் இருக்கும். அந்த ஆறு செல்லும் தனித்தனி அறைகள். ஒரு இடத்தில் விரிசல் விட்டால் ஒரு அறைதான் காலியாகும், அதாவது சுமார் 3 லிட்டர். பேட்டரி சாய்ந்தால்தான் மொத்தமும் கொட்டும். அடியில் வைக்கும் டிரே இரண்டையும் தாங்க வேண்டும். ஒரு விஷயத்தைப் பலரும் மறப்பார்கள். 60-க்கு 30 செ.மீ., 10 செ.மீ. உயர டிரே 18 லிட்டர் பிடிக்கும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் பேட்டரியே அதற்குள் உட்கார்ந்து பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். மிச்சம் எட்டு, ஒன்பது லிட்டர்தான். 70-க்கு 40 என்று எடுத்தால் பேட்டரி போக 18 லிட்டர் கிடைக்கும்.

டிரே கெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்பை ஆசிட் தின்னும், தின்னும்போது இன்னும் ஹைட்ரஜன் வரும். அலுமினியமும் அப்படியே. சிமெண்ட் தரையில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை ஆசிட் அரித்துப் பொரபொரவென்று ஆக்கிவிடும். கசிந்த ஆசிட் கரண்டையும் கடத்தும். டெர்மினலிலிருந்து இரும்புப் பெட்டிவரை ஈரமாக ஒரு கோடு இருந்தால், அந்த வழியே மெல்ல மின்சாரம் கசிந்து பேட்டரியும் இறங்கும், பெட்டியும் துருப்பிடிக்கும். டெர்மினலில் பச்சையாக, வெள்ளையாகப் பூ பூத்திருந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை.

காபித் தோட்டத்துச் சுண்ணாம்பு

இப்போது தணிக்கிற விஷயம். எல்லோரும் சொல்வது ஆப்ப சோடா. சரிதான், ஆனால் எவ்வளவு? 100 கிராம் பாக்கெட் ஒன்று தணிக்கக்கூடிய பேட்டரி ஆசிட் சுமார் 140 மில்லி. ஒரு டம்ளர்கூட இல்லை. டெர்மினலைத் துடைக்க அது போதும். 15 லிட்டர் கொட்டினால் பத்து கிலோவுக்கு மேல் சோடா வேண்டும். மலைக் கிராமத்தில் எந்தக் கடையில் இருக்கும்?

இங்கேதான் மலை உதவுகிறது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது ஏற்காடு பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி. காபித் தோட்டத்தில் மண்ணின் அமிலத்தைக் குறைக்க அவ்வப்போது சுண்ணாம்புத் தூள் போடுவார்கள். தோட்டத்து ஸ்டோரில் மூட்டை கட்டி வைத்திருக்கும் அந்தத் தூள்தான் பேட்டரிக்கும் மருந்து. 15 லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோ சுண்ணாம்புக்கல் தூள் கணக்குக்குச் சரி. கையில் பத்து கிலோ வைத்துக்கொள்வது நல்லது. கட்டியாகப் போட்டால் வேலைக்கு ஆகாது. மேலே ஜிப்சம் படிந்து, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு மாட்டிக்கொள்ளும். மாவாக இருக்க வேண்டும். சுடச்சுட வந்த நீற்றாத சுண்ணாம்பை மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது, அது தண்ணீர் பட்டாலே கொதிக்கும்.

மலையடிவாரத்தில் இன்னொரு சரக்கு இருக்கிறது. சேலத்துக்கு வடக்கே வெள்ளையாகத் தெரியும் கரடுகளை வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்றார்கள். அது சாக் இல்லை, மேக்னசைட். ஊரில் வெள்ளைக்கல் என்பார்கள். அதுவும் அமிலத்தைத் தணிக்கும் கல்தான். அதன் மேல் ஜிப்சம் மாதிரி எதுவும் படியாது, ஏனென்றால் கிடைப்பது தண்ணீரில் கரையும் பேதியுப்பு. ஆனால் குளிர்ந்த ஆசிட்டில் மேக்னசைட் ரொம்ப மெதுவாகத்தான் வேலை செய்யும். அவசரத்துக்குக் காபித் தோட்டத்துச் சுண்ணாம்பே மேல். கல் எது, அது எவ்வளவு வேகம் என்று தெரியாமல் 'வெள்ளையா இருக்கு, போடு' என்றால் ஏமாந்து போவோம்.

கொட்டிவிட்டால் செய்யும் வரிசை முக்கியம். சோலாரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது. பகலில் பேனல் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும். முதலில் பெட்டிக்குக் கிட்டே நெருப்பு, பீடி, தீப்பொறி எதுவும் வேண்டாம். விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தி, பேனல் ஒயரைத் துண்டிக்க வேண்டும், முடியாவிட்டால் பேனல் மேல் கெட்டியான துணியைப் போர்த்தலாம். அதன் பிறகுதான் பேட்டரி ஒயர். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஆசிட் பரவிய இடத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளைப் போட வேண்டும். பொங்கும், சூடாகும், நின்ற பிறகு அடுத்த கை. பொங்குவது அடங்கி, புதிதாகப் போட்டாலும் நுரை வராவிட்டால் தணிந்துவிட்டது.

உடம்பில் பட்டால் சோடாவும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். பட்ட துணியைக் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீர் விட வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத் தண்ணீர்தான் கண்ணைக் காப்பாற்றும். அதனால் பேட்டரி இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குடம் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

தணியாத பங்கு

இத்தனையும் செய்த பிறகு டிரேயில் ஒரு சாம்பல் நிறச் சேறு மிஞ்சும். அதில் ஆசிட் இல்லை. ஆனால் ஈயம் இருக்கிறது. ரோபக்கின் அறையைக் காப்பாற்றிய அதே ஈய சல்பேட்தான். சுண்ணாம்பு அமிலத்தைத் தணிக்கும், ஈயத்தை இல்லாமல் ஆக்காது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதில் இன்று சந்தேகமே இல்லை. அதனால் அந்தச் சேற்றைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டக் கூடாது. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் அள்ளி, உடைந்த பேட்டரியோடு சேர்த்து டீலரிடம் கொடுக்க வேண்டும். பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2001-லேயே மத்திய அரசு விதி போட்டது. 2022-ல் வந்த புதிய விதி தயாரிப்பாளர்களின் பொறுப்பை இன்னும் விரிவாக்கியது. பழைய பேட்டரிக்குக் காசும் கிடைக்கிறது. அந்தக் காசு ஆசையில்தான் சிலர் எடை குறைக்க ஆசிட்டை ஓடையில் கவிழ்த்துவிட்டு வெறும் பேட்டரியை இறக்குகிறார்கள். நூறு கசிவு செய்யாததை அந்த ஒரு கவிழ்ப்பு செய்துவிடும்.

இப்போது லித்தியம் பேட்டரி வந்துகொண்டிருக்கிறது. அதில் கந்தக அமிலம் கிடையாது, அதற்கு வேறு பாதுகாப்பு முறைகள். ஆனால் மலையில் ஏற்கெனவே ஏறிய டியூபுலர் பேட்டரிகள் ஒரே நாளில் இறங்கிவிடப் போவதில்லை. ஒவ்வொன்றும் ஐந்தோ ஆறோ வருஷம் ஓடும், அப்புறம் செகண்ட் ஹேண்டில் இன்னொரு வீட்டுக்குப் போகும். பழசாகிக் கடைசி வீட்டில்தான் பெரும்பாலும் கசியும். அந்தக் கடைசி வீடு வசதி குறைந்த வீடாகத்தான் இருக்கும்.

280 வருஷமாகப் பாத்திரத்தைக் கண்ணாடியிலிருந்து ஈயத்துக்கும், ரப்பருக்கும், பிளாஸ்டிக்குக்கும் மாற்றி வந்திருக்கிறோம். முதல் பாத்திரம் என்றைக்காவது தவறும் என்று எண்ணி அடியில் இரண்டாவது பாத்திரம் வைக்கிற பழக்கம் பேட்டரி அறைகளோடு நின்றுவிட்டது, வீட்டுக்கு வரவில்லை. அதற்கு ஒரு பிளாஸ்டிக் டிரேயும், பத்து கிலோ சுண்ணாம்புத் தூளும், ஒரு குடம் தண்ணீரும் போதும். உங்கள் வீட்டிலோ ஊரிலோ பேட்டரிப் பெட்டி இருந்தால், இந்த வாரம் ஒரு தடவை குனிந்து அதன் அடியைப் பாருங்க.